தளபதிக்கு விழுந்த வாக்குகள்

கள்ளக்குறிச்சியைத் தாண்டி உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் போனால் தியாகதுருகத்தின் பாறை மலை கண்ணில் படும். 18ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்களை நடத்திய எல்லோருக்கும் அந்த மலைக்கோட்டை தேவைப்பட்டது. 1760இல் புதுச்சேரியைக் காப்பாற்றப் படையுதவி தேடி அலைந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, உதவிக்கு விலையாக இந்தக் கோட்டையை ஹைதர் அலிக்கு எழுதிக் கொடுத்தார். மைசூரில் ஹைதருக்கே ஆபத்து வந்தபோது அவருடைய படை ஊர் திரும்பியது. கோட்டை மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அடுத்த சில வாரங்களில் தியாகதுருகமும் ஆங்கிலேயர் வசமானது. 1790இல் திப்பு சுல்தான் இதை முற்றுகையிட்டார். உள்ளே இருந்த கேப்டன் பிளின்ட்டை அசைக்க முடியாமல் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்.

ஹைதர் அலியே படையில் வளர்ந்து ஆட்சியைப் பிடித்தவர்தான். 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் எடுத்தார். திண்டுக்கல்லில் பௌஜ்தாராக இருந்து படையும் பணமும் சேர்த்தார். 1761இல் மைசூரின் உண்மையான அதிகாரம் அவர் கைக்கு வந்தது. கோட்டை இப்படிக் கைமாறிய காலத்தில் அடிவாரத்துக் குடியானவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும் வரி கட்ட வேண்டியவர் அவர். போர் நடந்தால் எரிவதும் அவருடைய களத்துமேடுதான்.

இன்று அவருடைய வாரிசுகளுக்கு வாக்கு இருக்கிறது. வாக்கு உள்ள காலத்திலும் படைத்தலைவர்களை மக்கள் தேடிப் போகிறார்கள். ‘நாட்டுக்குப் பத்து வருஷம் மிலிட்டரி ஆட்சி வரணும், அப்பத்தான் எல்லாம் ஒழுங்காகும்’ என்ற பேச்சைப் பேருந்திலும் டீக்கடையிலும் கேட்காத தமிழர் இருக்க முடியாது. அதை வெறும் பேச்சு என்று தள்ளவும் முடியாது. 2017இல் பியூ ஆய்வு மையம் 38 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், இராணுவம் ஆள்வது நல்லது என்று இந்தியாவில் பதில் சொன்னவர்கள் 53 சதவீதம். லோக்நிதி அமைப்பின் ஆய்வுகளிலும் மக்கள் அதிகம் நம்பும் நிறுவனம் இராணுவம்தான். நம்பிக்கைப் பட்டியலின் அடியில் கிடப்பவை அரசியல் கட்சிகள்.

இந்த ஆசைக்குக் காரணம் தேட கள்ளக்குறிச்சியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில் அந்தச் சாராயம் விற்றது. கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சுவது பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதைத் தடுக்கச் சட்டமும் துறையும் ஆட்களும் சம்பளமும் இருந்தன, தடுப்பு மட்டும் நடக்கவில்லை. இப்படி ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர் மிலிட்டரி வந்தால் தேவலை என்று சொன்னால், அவர் பீரங்கியைக் கேட்கவில்லை. சொன்ன வேலையைச் செய்கிற ஓர் அரசாங்கத்தைக் கேட்கிறார். கிராமத்தில் மிலிட்டரிக்காரர் என்ற சொல்லோடு சேர்ந்து வரும் படிமம் அது: நேரத்துக்கு எழுபவர், கை நீட்டாதவர், சொன்னால் சொன்னதுதான். ஊர்ப் பஞ்சாயத்தில் பேச்சு முற்றும்போது நடுவில் நிற்க அவரைக் கூப்பிடுவது இன்றும் நடக்கிறது.

ஆனால் ஒழுங்கின் மீதுள்ள ஆசை எல்லா இடத்தையும் விளக்கிவிடாது. அதற்கு நேர் எதிராக நிற்கும் ஒரு தேர்தல் இருக்கிறது. தமிழர்கள் அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள், பேசினாலும் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 2010 ஜனவரி 26இல் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலைத்தான் சொல்கிறேன். முள்ளிவாய்க்காலில் ஈழப் போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா வேட்பாளராக நின்றார். யாழ்ப்பாணத் தமிழர்களும் வன்னித் தமிழர்களும் மட்டக்களப்புத் தமிழர்களும் அவருக்கு வாக்களித்தார்கள்.

யார் இந்தப் பொன்சேகா? 2005 டிசம்பரில் இராணுவத் தளபதியானவர். 2006 ஏப்ரலில் கொழும்பு இராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே விடுதலைப் புலிகளின் தற்கொலைத் தாக்குதலில் படுகாயமடைந்து, மீண்டு வந்து போரை நடத்தியவர். இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது இவருடைய தலைமையில் நடந்த போரைப் பற்றித்தான். இந்த நாடு சிங்களவர்களுக்கு உரியது, சிறுபான்மையினர் எங்களோடு வாழலாம், தகாத கோரிக்கைகளை வைக்கக் கூடாது என்று 2008இல் ஒரு கனடிய நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தவரும் இவர்தான். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் இவர் யாழ்ப்பாணக் கட்டளைத் தளபதி. புலிகள் ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் உயர் பாதுகாப்பு வலயங்களைத் தளர்த்தலாம் என்று இவர் போட்ட நிபந்தனைதான், மீள்குடியேற்றம் பற்றிய பேச்சை 2003இன் தொடக்கத்தில் முடக்கிப் போட்டது. அந்த வலயங்களுக்குள் வீட்டையும் தோட்டத்தையும் இழந்த வலிகாமம் மக்கள் பலர் இந்தத் தேர்தலில் வாக்காளர்கள்.

முடிவுகளைப் பாருங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பொன்சேகாவுக்கு 1,13,877 வாக்குகள், 63.84 சதவீதம், ஆட்சியில் இருந்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவுக்கு 44,154. வன்னியில் பொன்சேகாவுக்கு 66.86 சதவீதம், மட்டக்களப்பில் 68.93 சதவீதம். திருகோணமலையும் அம்பாறையும் அவர் பக்கமே வந்தன; அங்கே முஸ்லிம் வாக்குகளும் சேர்ந்திருந்தன. ஐந்தும் வடகிழக்கு மாவட்டங்கள். அவர் வென்ற ஆறாவது மாவட்டம் மலையகத்தின் நுவரெலியா. நாடு முழுவதையும் கூட்டினால் மஹிந்தவுக்கு 57.88 சதவீதம், பொன்சேகாவுக்கு 40.15. வென்ற தளபதியை அவருடைய சொந்த மக்கள் தோற்கடித்தார்கள். அவர் தோற்கடித்த மக்களோ அவருக்கு வாக்களித்தார்கள்.

தமிழ்நாட்டில் அப்போது எழுந்த முதல் கேள்வி ‘எப்படி மனசு வந்தது?’ என்பதுதான். கேட்டவர்கள் தமிழர் மீதுள்ள அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனால் வாக்குச்சீட்டை அன்பின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. தலைவரை நேசித்து வாக்களிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை வைத்து யாழ்ப்பாணத்தை அளந்துவிட்டோம்.

அங்கே வாக்காளர் முன் வேறு வழிகள் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம்.கே. சிவாஜிலிங்கம் சுயேச்சையாக நின்றார். தமிழர் தமிழருக்கே வாக்களிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவரைத் தேர்ந்திருக்கலாம். நாடு முழுவதும் அவருக்குக் கிடைத்தவை 9,662 வாக்குகள். தமிழரின் சுயநிர்ணய உரிமையைப் பல ஆண்டுகளாகப் பேசிவந்த சிங்கள இடதுசாரி விக்கிரமபாகு கருணாரத்னவும் களத்தில் இருந்தார். நியாயம்தான் அளவுகோல் என்றால் தமிழ் வாக்கு அவருக்குப் போயிருக்க வேண்டும். அவர் பெற்றது ஏழாயிரத்துச் சொச்சம். புறக்கணிக்கும் வழியும் இருந்தது. இரா. சம்பந்தன் தலைமையில் கூட்டமைப்பு ஜனவரி முதல் வாரத்தில் பொன்சேகாவை ஆதரிப்பதாக அறிவித்தது. வாக்களிக்கப் போனவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்றார்கள்.

அவர்கள் போட்ட கணக்கு என்ன? ஆட்சியில் இருப்பவரை இறக்க வேண்டும். இறக்கக்கூடியவர் சிங்கள வாக்குகளையும் பிரிக்க வேண்டும். புலிகளிடம் நாட்டை விற்றுவிட்டார் என்று எதிராளி யாரை வேண்டுமானாலும் சொல்லலாம், புலிகளைத் தோற்கடித்த தளபதியைச் சொன்னால் எடுபடாது. ஐக்கிய தேசியக் கட்சியும் ஜே.வி.பி.யும் அவரைப் பொது வேட்பாளராக்கியது இந்தக் கணக்கில்தான். கூட்டமைப்பும் அதே கணக்கைத்தான் போட்டது. போரை நடத்தியவர்கள் என்ற வகையில் இருவருமே தமிழருக்கு ஒன்றுதான். இருவரும் ஒன்று என்றாகிவிட்டால், அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் தலைமேல் உட்காரப் போகிறவர் யார் என்ற கேள்விதான் மிச்சம். கட்டளையைக் களத்தில் நிறைவேற்றியவரைவிட, கட்டளை போட்ட ஆட்சியும் போருக்குப் பின் மக்களை முள்வேலிக்குள் வைத்த ஆட்சியும்தான் தண்டனைக்கு உரியவை என்று அந்த வாக்காளர் பிரித்துப் பார்த்தார். சுமார் 2,80,000 பேர் செட்டிகுளம் மெனிக் பாம் போன்ற முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். வெளியே போய்வர அனுமதி கிடைத்ததே 2009 டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்துதான். அதுவும் தேர்தல் அறிவித்த பிறகு. வாக்கின் பலம் என்ன என்பதை அந்த ஒரு தேதியே அவர்களுக்குக் காட்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகள் விதித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். அந்தத் தேர்தலில் மஹிந்தவிடம் ரணில் விக்கிரமசிங்க தோற்றது சுமார் 1,80,000 வாக்குகளில். வடக்கு வாக்களித்திருந்தால் மஹிந்த வந்திருக்க மாட்டார், போரும் அந்த வடிவத்தில் வந்திருக்காது என்ற பேச்சு அங்கே நெடுநாள் இருந்தது. அந்தப் பேச்சு முழுக்கச் சரியா என்பது வேறு விஷயம். வாக்குப் போடாமல் விட்டதன் விலையைப் பார்த்துவிட்டதாக நம்பியவர்கள், 2010இல் தமக்குப் பிடிக்காத ஒருவரின் அன்னம் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டார்கள். சந்திக்குச் சந்தி சிப்பாய் நின்ற காலம் அது. அரசுக்கு ஆதரவான தமிழ்க் கட்சி வெற்றிலைச் சின்னத்துக்கு வாக்குக் கேட்டு வீடுவீடாக வந்தது. வாக்குப்பதிவு நாள் விடிகாலையில் யாழ்ப்பாணத்தில் குண்டுச் சத்தங்கள் கேட்டன. வாய் திறந்து எதிர்க்க முடியாத ஊரில், மறைப்புக்குள் பென்சிலோடு தனியாக நின்ற அந்த ஒரு நிமிடத்தில்தான் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆட்சிக்கு எதிராக அவர்களால் பதிவு செய்ய முடிந்த மிகக் கடுமையான சொல், மஹிந்தவுக்கு எதிரியாக நின்றவரின் பெயர். அது தளபதியின் பெயராக இருந்துவிட்டது.

இதை ஆதரவு என்று சொல்லும்போது அளவையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 25.66 சதவீதம்தான். பட்டியலில் இருந்த 7.21 லட்சம் பேரில் பொன்சேகாவுக்கு வாக்களித்தவர்கள் ஆறில் ஒருவர்கூட இல்லை. இறந்தவர்கள், புலம்பெயர்ந்தவர்கள், முகாமில் கிடந்தவர்கள் என்று பலரின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது உண்மை. அதைக் கழித்தாலும், வாசற்படி தாண்டாதவர்கள் ஏராளம். அவர்களுடைய மௌனத்தையும் பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன நின்றபோது அதே மாவட்டத்தில் வாக்குப்பதிவு 66 சதவீதத்தைத் தாண்டியது; மஹிந்தவின் எதிராளியாக அவர் பெற்றது 2,53,574. சீருடை அணியாத ஒரு பொலன்னறுவை அரசியல்வாதிக்குத் தளபதிக்கு விழுந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாக்கு விழுந்தது. 2010இல் யாழ்ப்பாணம் தேடியது மாற்றத்தை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நுவரெலியா இன்னும் நேர்த்தியான உதாரணம். ஆறுமுகன் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்த பக்கம் நின்றது. தோட்டத்தில் சந்தா வாங்கும் சங்கம் ஒரு பக்கம் கைகாட்ட, லயன் அறைகளில் இருந்தவர்கள் மறுபக்கம் வாக்களித்தார்கள். போர்க்களத்திலிருந்து வெகு தொலைவில், தினக்கூலியையும் விலைவாசியையும் எண்ணி வாழ்ந்தவர்கள் அவர்கள். தலைவர் கைகாட்டும் பக்கமெல்லாம் மக்கள் போவார்கள் என்ற எண்ணம் அந்த மாவட்டத்தில் பொய்த்தது.

தெற்கில் நடந்தது என்ன? வெற்றித் தளபதியைச் சிங்கள மக்கள் கொண்டாடினார்கள், வாக்கை மட்டும் மஹிந்தவுக்குக் கொடுத்தார்கள். போர் வெற்றியின் பெருமை அரசியல் தலைமைக்கு ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டமைப்போடு இரகசிய உடன்பாடு என்ற பிரச்சாரமும், போரின் முடிவில் வெள்ளைக்கொடியோடு சரணடைந்த புலிகளைப் பற்றிப் பொன்சேகா கொடுத்த பேட்டியும் அவரைத் துரோகி என்ற வட்டத்துக்குள் தள்ளின. வாக்குப்பதிவு நாளன்று அவருடைய பெயரே வாக்காளர் பட்டியலில் இல்லை என்பது தெரியவந்தது. அன்றிரவு அவர் தங்கியிருந்த கொழும்பு ஓட்டலை இராணுவம் சூழ்ந்தது. பிப்ரவரி 8ஆம் தேதி கைது செய்யப்பட்டார். அவர் கட்டளையிட்ட இராணுவத்தின் நீதிமன்றமே அவரை விசாரித்தது. சீருடை தரும் மரியாதை, அதைக் கழற்றிவிட்டு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

அதே தெற்கு, 2019 நவம்பரில் வேறொரு முன்னாள் இராணுவ அதிகாரியைத் தூக்கி வைத்தது. கோட்டாபய ராஜபக்ச 20 ஆண்டுகள் இராணுவத்தில் இருந்து லெப்டினன்ட் கர்னலாக விலகியவர். பிறகு அமெரிக்காவில் குடியேறி, 2005இல் அண்ணன் மஹிந்தவின் ஆட்சியில் பாதுகாப்புச் செயலாளரானவர். அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. 69 லட்சம் பேர், 52.25 சதவீதம், அவருக்கு வாக்களித்தார்கள். யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்தது 6.24 சதவீதம். பொன்சேகாவுக்கு வாக்களித்த அதே மாவட்டம்தான். சீருடை மீது தமிழருக்கு மயக்கம் என்று யாராவது நினைத்திருந்தால் இந்த எண் அவர்களுக்குப் போதும்.

சிங்கள மக்களின் காரணங்களைக் கேலி செய்வது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்தும் கொழும்பு அசையவில்லை. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத ஆட்சி அது. முந்தைய அக்டோபரில் ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் உரிமை கொண்டாடிய கூத்தும் நடந்திருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பயந்த தாய்க்கு யார் ஆறுதலாகத் தெரிவார்? போரை முடித்த பாதுகாப்புச் செயலாளர், கொழும்பின் நடைபாதைகளையும் பூங்காக்களையும் சீர்படுத்திக் காட்டியவர். அந்தச் சீரமைப்புக்காகக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றி நடைபாதையில் நடந்தவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. வியத்மக என்ற பெயரில் கூடிய மருத்துவர்களும் பேராசிரியர்களும் தொழிலதிபர்களும், அரசியல்வாதி அல்லாத நிர்வாகி இவர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். படித்தவர்கள்தான் அந்த நம்பிக்கையை முதலில் கட்டினார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இராணுவத் தலைவரை விரும்புவது பாமரரின் பலவீனம் என்று பேசுவது பொய்.

பிறகு நடந்ததில் விவசாயம் தெரிந்த யாரும் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியைத் தடுக்க முடிவெடுத்து, நாடு முழுவதும் உடனே இயற்கை விவசாயம் என்று அரசு உத்தரவிட்டது. பத்தாண்டுகளில் மெல்ல மாறலாம் என்று தேர்தல் அறிக்கையில் இருந்ததை ஒரே போகத்தில் முடிக்கச் சொன்னார்கள். கரும்பும் மரவள்ளியும் நெல்லும் போடும் கள்ளக்குறிச்சி விவசாயிக்கு இது புரியும்: பயிர் தூர் கட்டும் நேரத்தில் யூரியா கடையில் இல்லையென்றால் அடுத்த வாரம் வந்து பயனில்லை. மண்ணில் தழைச்சத்து ஏற, தொழுவுரம் சேர, பசுந்தாள் உரம் மடக்கி உழ, வருஷங்கள் வேண்டும். பட்டாளத்தில் உத்தரவு போட்டால் மறுநாள் முகாம் இடம் மாறும். வயல் அப்படி மாறாது. நெல் விளைச்சலும் தேயிலையும் சரிந்தன. நவம்பரில் தடையை விலக்கியபோது அந்தப் போகம் கைவிட்டுப் போயிருந்தது. கொரோனா தடுப்பிலிருந்து அமைச்சகச் செயலாளர் பதவிகள் வரை இராணுவ அதிகாரிகள் அமர்ந்திருந்தார்கள். மாற்றுக் கருத்துச் சொல்ல அந்த அமைப்பில் ஆள் இல்லை. ஒழுங்கு என்று மக்கள் விரும்பி வாங்கியதன் மறுபக்கம் அது.

2022இல் டாலர் தீர்ந்தது. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசை. ஜூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ஆம் தேதி கோட்டாபய இராணுவ விமானத்தில் மாலத்தீவுக்குப் போனார், மறுநாள் பதவி விலகினார். கொழும்பு காலிமுகத்திடலில் போராடக் கூடியிருந்தவர்களில் அவருக்கு வாக்களித்தவர்கள் பலர். மூன்றாண்டுகூட முழுதாக ஆகவில்லை.

இந்தியாவில் இதே ஆசை ஏன் தேர்தல் முடிவாக மாறுவதில்லை? அமைப்பு ரீதியான காரணங்களை ஸ்டீவன் வில்கின்சன் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தலைமைத் தளபதி என்ற ஒற்றைப் பதவியை நேரு அரசு ஒழித்து முப்படைக்கும் தனித்தனித் தலைவர்களை வைத்தது. தலைமைத் தளபதி வாழ்ந்த டெல்லி மாளிகையிலேயே பிரதமர் குடியேறினார். ஆனால் வாக்காளர் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். இந்திய வாக்காளர் படைவீரரை வணங்குவார், வாக்கை வேறு கணக்கில் போடுவார். இந்தியத் தரைப்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான கரியப்பா 1971இல் பம்பாயில் மக்களவைக்கு நின்று தோற்றார். 2017இல் முன்னாள் தரைப்படைத் தலைவர் ஜே.ஜே. சிங் பட்டியாலாவில் டெபாசிட் இழந்தார். அவரை வென்றவர் இராணுவத்தில் கேப்டனாக மட்டுமே இருந்த அமரிந்தர் சிங். உத்தராகண்டில் வீட்டுக்கு ஒரு சிப்பாய் இருப்பார். அங்கே 2012இல் மேஜர் ஜெனரல் கந்தூரியின் பெயரையே முழக்கமாக்கி பாஜக தேர்தலைச் சந்தித்தது. கட்சி 31 இடம் பிடித்தது, காங்கிரஸ் 32. கந்தூரி தன் தொகுதியிலேயே தோற்றார். 2014இல் ஜெனரல் வி.கே. சிங் காசியாபாத்தில் 5,67,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றாரே என்று கேட்கலாம். அது மோடி அலை அடித்த தேர்தல். அந்தத் தொகுதியில் கட்சிக்கு ஏற்கனவே வேர் இருந்தது.

தமிழ்நாட்டில் அந்த வாசல் திறக்கவே இல்லை. 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைவராக இருந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் திருச்செங்கோட்டுக் குடும்பத்தவர். தந்தை சுப்பராயன் சென்னை மாகாண முதல்வராக இருந்தவர், தம்பி மோகன் மத்திய அமைச்சர், தங்கை பார்வதி கிருஷ்ணன் கோவையின் கம்யூனிஸ்ட் எம்.பி. அரசியலில் ஊறிய வீட்டில் பிறந்தும் ஜெனரல் தேர்தல் பக்கம் வரவில்லை. அவர் ஓய்வுபெற்ற காலத்தில் தமிழ் வாக்காளரின் நாயகர்கள் திரையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்.

தியாகதுருகத்துக்கு மிக அருகில் இதற்கு ஒரு சான்று உண்டு. சீருடை அணிந்து திரையில் அநியாயத்தைத் தட்டிக் கேட்ட விஜயகாந்த், 1991இல் ‘கேப்டன் பிரபாகரன்’ படத்துக்குப் பிறகு கேப்டன் ஆனார். 2011இல் பக்கத்து ரிஷிவந்தியம் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். இரண்டு திராவிடக் கட்சிகளுக்கும் வெளியே, கைசுத்தமான ஒரு முரட்டு நல்லவரை இந்த வட்டாரத்து மக்கள் அவரிடம் கண்டார்கள். பிறகு அவர் எதிர்க்கட்சித் தலைவராகச் சட்டமன்றத்துக்கு எத்தனை நாள் வந்தார், தொகுதிக்கு எத்தனை முறை வந்தார் என்று எண்ணவும் செய்தார்கள். 2016இல் முதல்வர் வேட்பாளராக அவர் உளுந்தூர்ப்பேட்டையில் நின்றார். ரிஷிவந்தியத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே ஒரு பேருந்துப் பயணம்தான் தூரம். மூன்றாம் இடம் வந்து டெபாசிட் இழந்தார். 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது இந்த ஊர்கள் அழுதன. அன்பு வற்றவில்லை, ஆனால் அந்த அன்பு ஆளும் உரிமையாக 2016இல் மாறவில்லை.

வெளியுலகிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 1952இல் அமெரிக்கர்கள் ஜெனரல் ஐசனோவரைத் தேர்ந்தது போரை முடிக்க. கொரியாவுக்கு நேரில் போவேன் என்றார், 1953 ஜூலையில் போர்நிறுத்தம் வந்தது. 1958இல் அல்ஜீரியாவை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நம்பியவர்கள் டி காலை அழைத்து வந்தார்கள். 1962இல் அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்தவர் அவர்தான். போர்வீரர் சமாதானம் பேசினால் கோழை என்று யாரும் சொல்ல முடியாது என்பதால், சில மக்கள் போருக்கு முற்றுப்புள்ளி வைக்கவே தளபதியைத் தேடுகிறார்கள். இந்தோனேசியாவின் பிரபோவோ சுபியாந்தோ வேறு கதை. 1998இல் மாணவச் செயற்பாட்டாளர்களைக் கடத்திய விவகாரத்தில் படையிலிருந்து நீக்கப்பட்டவர். 2014இலும் 2019இலும் தோற்று, 2024 பிப்ரவரியில் 58 சதவீதத்துக்கு மேல் பெற்று வென்றார். அவருக்கு வாக்களித்த இளைஞர்கள் பலருக்கு 1998 நினைவில் இல்லை. கைப்பேசியில் நடனமாடும் தாத்தாவைத்தான் தெரியும். நினைவு அழியும் இடத்தில் சீருடைக்கு மறுபடி பளபளப்பு வருகிறது. இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. கணக்குப் போட்டு வாக்களித்தவர்கள் அந்தக் கணக்கு தப்பினால் மாற்றிப் போட முடியும். வரலாறு தெரியாமல் வாக்களித்தவர்களுக்கு எதை மாற்ற வேண்டும் என்றே தெரியாது.

அந்த வரலாற்றை நாம்தான் பேச வேண்டும். ‘மிலிட்டரி ஆட்சி வரணும்’ என்று சொல்கிறவரைத் திட்டி அனுப்பாதீர்கள். கருணாபுரத்துச் சாவுக்கு யார் பதில் சொன்னார்கள் என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் இருக்க வேண்டும். கூடவே அவரிடம் உரத்தடையின் கதையைச் சொல்லுங்கள். தவறு செய்த கலெக்டரை மாற்றலாம், எம்.எல்.ஏ.வை அடுத்த தேர்தலில் இறக்கலாம், உத்தரவு மட்டுமே தெரிந்தவரை இறக்க நாள்கணக்கில் தெருவில் நிற்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து வாக்காளரைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர்கள் கொலைகாரரை மன்னித்துவிட்டார்கள் என்று சொல்ல விடாதீர்கள். அது உண்மைக்குப் புறம்பு.

2015 மார்ச்சில் சரத் பொன்சேகாவுக்குப் பீல்ட் மார்ஷல் பட்டம் கிடைத்தது, இலங்கை இராணுவத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள். அதே ஆண்டு ஆகஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2024 செப்டம்பரில் அவர் மறுபடி ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். 2010இல் 41,73,185 வாக்குகள் பெற்றவர், இந்த முறை நாடு முழுவதும் பெற்றது 22,407.